அளவுகோல் அற்ற பாய்வு

ஒரு பொருளின்மீது ஒரு செயலை நிகழ்த்திய பின்னரும் அப்பொருள் முன்னிருந்தவாறே தோன்றுமாயின், அச்செயலைப் பொறுத்து அப்பொருள் சீர்மை உடையது என்கிறோம். இவ்வரையறையில் பொருளைக் காட்டிலும் செயலுக்கே முதலிடம். வட்டத்தை எவ்வளவு திருப்பினாலும் அது பழைய வட்டம். கட்டத்தைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பினால்தான் பழைய கட்டம். எச்செயல்களுக்கெல்லாம் ஒரு பொருள் மாறாது நிற்கிறதோ, அச்செயல்களின் தொகுப்பே அப்பொருளின் சீர்மையை முற்றும் உரைக்கும்.

மலாக்கா மாநிலத்தில், சாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்த எனக்கு இதை எவரும் நெடிது விளக்கவேண்டியிருக்கவில்லை. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் முதல் வணிக இரப்பர்த் தோட்டத்தை இட்ட நாள் முதல், இம்மாநிலத்து நிலத்தின்மேல் மக்கள் வரைந்த பெரும் ஓவியம் நிரை. நிரைக்கு நிரை ஒரே இடைவெளி; மரத்துக்கு மரம் ஒரே சாய்வில் வெட்டுக்கோடு; கோட்டின் முடிவில் பால் ஏந்தும் ஒரே மங்கு. ஒரு நிரை தள்ளி நின்றால் கண்முன் காட்சி மாறுவதில்லை. விடியுமுன் அம்மாவுக்குத் துணையாகப் பால்மரக் காட்டுக்குள் போன பிள்ளைகள் வழி தவறியதற்குக் காடு அடர்ந்திருந்தது கரணியமன்று. நிரையெல்லாம் ஒன்றுபோல் இருந்ததே கரணியம். இடம் பெயர்த்தாலும் மாறாத சீர்மையை நாங்கள் முதலில் கற்றது அச்சத்தின் வழியாகத்தான்.

இனிப் பாய்மத்திற்கு வருவோம். நீரும் வளியும் ஆகிய, தமக்கென வடிவம் இன்றி ஓடும் பொருள்களுக்குப் பாய்மம் என்று பெயர். ஓடும்போது அடர்த்தி மாறாத பாய்வு அமுங்காப் பாய்வு. அடர்த்தி மாறும் பாய்வு அமுங்கு பாய்வு. இரண்டையும் பிரிக்கும் எல்லை பொருளில் இல்லை, விரைவில் இருக்கிறது. பாய்வின் விரைவை அப்பாய்மத்தில் ஒலி செல்லும் விரைவால் வகுத்துக் கிடைக்கும் எண்ணுக்கு மாக் எண் என்று பெயர். அது 0.3க்குக் கீழ் இருக்கும்வரை காற்றின் அடர்த்தி நூற்றுக்கு ஐந்து பங்குகூட மாறுவதில்லை. ஆகவே விசிறிக் காற்றும் கடற்காற்றும் நடைமுறையில் அமுங்காதவையே. துமுக்கிக் குண்டும் ஒலியை முந்தும் வானூர்தியும் வெடியும் வேறு வகை. அங்கே காற்று விலகிச் செல்லப் பொழுது போதாமல் ஒன்றின்மேல் ஒன்றாக நெரிகிறது.

சொற்களைப் பற்றி ஒரு சொல். 'அமுங்கு' என்னும் வினையை எங்கள் தோட்டத்துப் பாட்டிகளும் அறிவர். 'தன்னொப்பு' என்னும் சொல்லைக் கேட்ட அளவில் தன்னைத் தானே ஒத்திருத்தல் என்று எட்டாம் அகவைப் பிள்ளையும் பிரித்துப் பொருள் சொல்லும். வடமொழி என்று சிலர் ஒதுக்கும் 'சமன்' குறளிலேயே ஆளப்பட்ட சொல்லாதலால் 'சமன்பாடு' என்பதை நான் அஞ்சாமல் வழங்குகிறேன். 2003இல் இந்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளின் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. அவ்வேற்பாட்டைக் கைவிடும் முடிவு 2009இல் வெளியாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில், பொருள் விளங்காத சொல்லை ஒப்பித்தல் வேறு, விளங்கிய சொல்லைக் கொண்டு எண்ணுதல் வேறு என்பதைப் பல வீடுகளின் இரவு விளக்கொளியில் கண்டேன். நீரியல் பேரறிஞர் வா.செ. குழந்தைசாமி, மழைநீர் ஆற்றுநீராகும் முறைக்குத் தாம் வகுத்த கணக்குப் படிமத்தால் உலகறிய நின்றவர்; அறிவியல் தமிழுக்காக வாழ்நாளெல்லாம் வழக்காடியவரும் அவரே. பாய்வைக் கற்றவர் மொழியின் ஓட்டத்தையும் அறிந்திருந்ததில் எனக்கு வியப்பில்லை.

அமுங்கு பாய்வின் சமன்பாடுகளை ஆய்லர் 1757இல் வெளியிட்ட ஏட்டிலிருந்து தொடங்குவது மரபு. அவற்றின் உள்ளீடு மூன்று காப்பு நெறிகள்: பொருண்மை அழிவதில்லை, உந்தம் அழிவதில்லை, ஆற்றல் அழிவதில்லை. (ஆற்றலின் நெறி பின்னாளில் சேர்ந்தது.) இச்சமன்பாடுகளுக்கு உரிய சீர்மைகளை வகைப்படுத்தினால் முதற்கண் நிற்பவை எளியவை. மலாக்காவில் நிகழும் பாய்வு மாசாயிலும் அவ்வாறே நிகழும்; இன்று நிகழ்வது நாளையும் நிகழும்; வடக்கு நோக்கியதைக் கிழக்கு நோக்கித் திருப்பினாலும் நெறி மாறாது; ஒரே விரைவில் நேராக ஓடும் தொடர்வண்டியினுள் இருந்து நோக்கினாலும் மாறாது. இவற்றை இடப்பெயர்ச்சிச் சீர்மை, காலப்பெயர்ச்சிச் சீர்மை, திருப்பச் சீர்மை, விரைவுச் சீர்மை எனலாம். இவை நான்கும் பிற இயக்கவியல் நெறிகளுக்கும் பொது.

ஐந்தாவதாக நிற்பதே நம் பேசுபொருள். நீளங்களையெல்லாம் இருமடங்காக்கி, நேரங்களையும் இருமடங்காக்கினால், ஆய்லர் சமன்பாடுகள் அணுவளவும் மாறுவதில்லை. நீளத்தை ஒரு மடங்காலும் நேரத்தை வேறொரு மடங்காலும் பெருக்கினாலும், விரைவையும் அழுத்தத்தையும் அதற்கேற்பத் திருத்திக்கொண்டால், இயல்பான வளிக்கு அவை மாறுவதில்லை. இதனை அளவுமாற்றச் சீர்மை என்போம். சமன்பாடுகளுக்குள் ஓர் அளவுகோல் ஒளிந்திருக்கவில்லை என்பதே இதன் பொருள். உண்மைக் காற்றில் ஓர் அளவுகோல் உண்டு: ஒரு மூலக்கூறு மற்றொன்றன்மேல் மோதுமுன் செல்லும் தொலைவு. ஆனால் அது ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கிற்கும் குறைவு. சாணும் முழமுமாக நாம் காணும் பாய்வுகளில் அதன் குரல் எழுவதில்லை.

நெறியில் அளவுகோல் இல்லையென்றால், தொடக்கம் அதைக் கொண்டுவரலாம். வெடித்த குண்டின் பருமன், பாய்ந்த குழாயின் அகலம், மோதிய சுவரின் தொலைவு ஆகியவை தொடக்கம் தரும் அளவுகோல்கள். தொடக்கமும் தரவில்லையெனில் என்னாகும்? ஒரு விரைவு மட்டும் தரப்பட்டு, நீளமும் நேரமும் தரப்படாத ஒரு நிகழ்வை எண்ணுக. ஓரிடத்தில் ஒரு நொடியில் பாய்மத்தின் நிலை எதைச் சார்ந்திருக்க இயலும்? தொலைவை மட்டும் சார்ந்திருக்க இயலாது. எதைக்கொண்டு அதைச் சிறிதென்றும் பெரிதென்றும் சொல்வது? நேரத்தை மட்டும் சார்ந்திருக்கவும் இயலாது. தொலைவை நேரத்தால் வகுத்த ஈவு ஒன்றே தரப்பட்ட விரைவோடு ஒப்பிடத்தக்கது. ஆகவே பாய்வு முழுவதும் அவ்வீவு ஒன்றனையே சார்ந்து நிற்கும். ஒரு நொடியில் கண்ட உருவமே, இரண்டாம் நொடியில் இருமடங்கு நீட்டி இழுக்கப்பட்டு நிற்கும். இதுவே தன்னொப்பு, இவ்வாறு அமையும் விடையே தன்னொப்புத் தீர்வு. கணக்கியலார்க்கு இதனால் விளையும் ஊதியம் பெரிது. இடமும் காலமும் ஆகிய இரு மாறிகள் ஒன்றாய் ஒடுங்க, தீர்த்தற்கரிய பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் கையால் தீர்க்கத்தக்க ஒற்றை மாறிச் சமன்பாடுகளாகின்றன.

இதைக் கண்ணால் காண, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளாகிய எங்கள் லயத்து வடிகால் போதும். (லோங்காங் என்பதே எங்கள் வாய்ச்சொல், வடிகால் என்பது பின்னர்ப் பள்ளியில் கற்றது.) மழை ஓய்ந்த மாலைகளில் வடிகாலின் குறுக்கே பலகை ஒன்றைச் செருகி, இடுக்கில் களிமண் அப்பி, நீரைத் தேக்குவோம். மேற்புறம் நீர் ஏறி அசையாது நிற்கும். கீழ்ப்புறம் சிமிந்தித் தரை வற்றிக் கிடக்கும். ஒருவன் பலகையை வெடுக்கென்று உருவுவான். நீர் முன்னோக்கிப் பாயும்; அதே பொழுதில் தேங்கிய நீரின் மேற்பரப்பில் ஒரு சரிவு பின்னோக்கி ஓடும். 1892இல் இரிட்டர் என்னும் செருமானியப் பொறியாளர் இதன் தீர்வை எழுதினார். நீர்மட்டம் ஒரு பரவளைவாய் இழிகிறது. பின்விளிம்பு, அந்த ஆழத்து நீரில் சிற்றலை செல்லும் விரைவில் பின்னோக்கி ஓடுகிறது. முன்விளிம்பு அதனினும் இருமடங்கு விரைவில் முன்னோடுகிறது. தேங்கிய ஆழம் ஒன்பது விரற்கடையாயின், சிற்றலையின் விரைவு நொடிக்கு ஏறத்தாழ 1.3 மீட்டர், முன்விளிம்பின் விரைவு 2.6 மீட்டர். பரவளைவு நொடிக்கு நொடி நீள்கிறது. அதன் உருவம் மட்டும் மாறுவதில்லை.

இத்தீர்வினுள் பிள்ளைகளும் அளந்து பார்க்கத்தக்க ஒன்று உண்டு. பலகை நின்ற கோட்டில், உருவிய நொடி தொட்டு நீரின் ஆழம் முன்பிருந்ததில் ஒன்பதில் நான்கு பங்கு. பின்னோடிய சரிவு தேக்கத்தின் மறுகோடியை முட்டித் திரும்பி வரும்வரை அது அப்படியே நிற்கும். ஒன்பது விரற்கடை தேக்கினால் நான்கு விரற்கடை. முன்னும் பின்னும் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, அவ்விடத்து ஆழம் மட்டும் அசைவதில்லை. முன்விளிம்பின் மெல்லிய நுனியில்தான் கணக்கும் காட்சியும் மாறுபடும். அங்கே சிமிந்தித் தரையின் உராய்வு நீரைப் பிடித்திழுக்க, நுனி மழுங்கிப் பிந்தும்.

வடிகால் நீருக்கும் அமுங்கு வளிக்கும் என்ன உறவு? நெருங்கிய உறவு உண்டு. ஆழம் குறைந்த நீரின் சமன்பாடுகளில் ஆழம் என்ற சொல்லை அழித்து அடர்த்தி என்று எழுதினால் வளியின் சமன்பாடுகள் கிடைக்கின்றன. சிற்றலையின் விரைவு ஒலியின் விரைவாகிறது. வேறுபாடு ஓர் எண்ணில்தான். வளியை அமுக்கும்போது அதன் அழுத்தம் எவ்வளவு முரண்டி ஏறுகிறது என்பதைக் காட்டும் எண்ணை வெப்பக் கொண்மைத் தகவு என்பர். காற்றுக்கு அது 1.4. வடிகால் நீரோ, அத்தகவு 2 ஆக அமைந்த ஒரு கற்பனை வளியைப்போல் ஒழுகுகிறது. பலகைக்கு மாற்றாக ஒரு மெல்லிய தகட்டை வைத்து, ஒருபுறம் காற்றும் மறுபுறம் வெற்றிடமும் அமைத்து, தகட்டைக் கிழித்தால் அதே நாடகம் வளியில் நடக்கும். முன்விளிம்பு ஒலியைப்போல் இருமடங்கில் ஓடுவதற்கு மாறாக ஐந்து மடங்கில், நொடிக்கு 1,700 மீட்டர் அளவில் ஓடும். தகடு நின்ற இடத்தில் அடர்த்தி ஒன்பதில் நான்காவதற்கு மாறாக ஏறத்தாழ ஐந்தில் இரண்டாக நிற்கும். இத்தகைய விரிவலையையும், அதன் எதிரியாகிய அதிர்ச்சியலையையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தவர் ரீமான். ஏட்டின் ஆண்டு 1860.

எதிரி என்றேன். விரியும் வளியில் முன்செல்லும் அலைக்கூறு விரைந்தும் பின்வருவது மெலிந்தும் செல்வதால் அலை விசிறியாய் மலர்கிறது. நெருக்குண்ட வளியில் நிலை தலைகீழ்: நெருங்கிய பகுதியில் ஒலி விரைவாகச் செல்வதால் பின்வருவது முன்னதை எட்டிப் பிடிக்கிறது, சரிவு செங்குத்தாகிறது, முடிவில் சுவராய் எழுகிறது. மூலக்கூறு மோதுதொலைவு சிலவற்றின் தடிப்பே உடைய அச்சுவர்தான் அதிர்ச்சியலை. அதன் இருபுறத்து அடர்த்தி, அழுத்தம், விரைவு ஆகியவற்றைக் கட்டும் தளைகளை 1870இல் இரேங்கினும் பின்னர் உய்கோனியோவும் வகுத்தனர். அத்தளைகளின்படி, காற்றை எத்துணை வலிய அதிர்ச்சியலை தாக்கினாலும், அதன் தகவு 1.4 ஆக இருக்குமளவும், ஓர் அடியில் ஆறு மடங்குக்கு மேல் அடர்த்தி ஏறாது. அழுத்தத்திற்கு எல்லையில்லை, அடர்த்திக்கு எல்லையுண்டு.

அதிர்ச்சியலையின் உடன்பிறப்பை லயத்துப் பொதுக் குழாயடியில் நாள்தோறும் கண்டோம். மேலிருந்து விழும் நீர்த்தாரை சிமிந்தித் தரையில் மெல்லிய தகடாய்ப் பரந்து, சாண் தொலைவில் திடீரென்று தடித்து, ஒரு வட்ட வரம்பாய் எழும்பி நிற்கும். வரம்புக்கு உள்ளே விரல் நுனியை வைத்தால் நீர் அம்புத்தலைபோல் பின்னோக்கிப் பிளக்கும். வெளியே வைத்தால் சிற்றலைகள் எப்புறமும் பரவும். உள்ளே நீர் தன் சிற்றலையை முந்துகிறது, வெளியே பிந்துகிறது. துணி துவைக்க வந்த அத்தை வாளியை நகர்த்தி வட்டத்தைக் கலைக்கும்வரை அச்சுவர் அசையாது நிற்கும்.

இனி வெடி. ஒரு புள்ளியில், ஒரு நொடிப்பொழுதில், அளவிறந்த ஆற்றல் வெளிப்படுவதாகக் கொள்க. எல்லாத் திசையும் ஒத்திருத்தலின் அதிர்ச்சியலை உருண்டையாய் விரியும். இது திருப்பச் சீர்மையின் கொடை. அதன் ஆரை நேரத்தோடு எவ்வாறு வளரும் என்பதே வினா. இங்கே விரைவு எதுவும் தரப்படவில்லை. தரப்பட்டவை ஆற்றலும், சூழ்ந்த காற்றின் அடர்த்தியும் மட்டுமே. சூழ்காற்றின் அழுத்தம் வெடியின் அழுத்தத்தின்முன் பொருட்டன்று. ஆற்றல் என்பது பொருண்மையை நீளத்தின் இரண்டாம் அடுக்கால் பெருக்கி நேரத்தின் இரண்டாம் அடுக்கால் வகுத்தது. அடர்த்தி என்பது பொருண்மையை நீளத்தின் மூன்றாம் அடுக்கால் வகுத்தது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் பொருண்மை நீங்கி, நீளத்தின் ஐந்தாம் அடுக்கை நேரத்தின் இரண்டாம் அடுக்கால் வகுத்தது எஞ்சும். எனவே ஆரையின் ஐந்தாம் அடுக்கு நேரத்தின் இரண்டாம் அடுக்கோடு சேர்ந்தே வளரவேண்டும். வேறு வழி இயற்கைக்கு இல்லை. நேரம் 32 மடங்கானால் ஆரை 4 மடங்காகும்.

இங்கிலாந்தின் டெய்லர் இதை 1941இல் போர்க்கால மறைவேடாக எழுதினார். உருசியாவின் செதோவ் 1946இல் முழுத் தீர்வையும் வாய்பாடாக வெளியிட்டார். அங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த வான் நாய்மனும் தனியே அதை அடைந்தார். 1945 சூலை 16 அன்று நியூ மெக்சிகோப் பாலையில் வெடித்த முதல் அணுக்குண்டின் ஒளிப்படங்கள் பின்னர் வெளியானபோது, டெய்லர் அவற்றில் தீக்கோளத்தின் ஆரையை அளந்தார். நொடியின் ஆயிரத்தில் 15 பங்கில் 106.5 மீட்டர், 25 பங்கில் 130 மீட்டர், 62 பங்கில் 185 மீட்டர். முதல் அளவை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்தில் இரண்டு அடுக்கு நெறியால் மற்ற இரண்டையும் கணித்தால் 131, 188 என்று வருகின்றன. படிப்பவர் தாமே செய்து பார்க்கலாம். இப்படங்களிலிருந்து டெய்லர் கணித்த வெடியாற்றல் 16,800 டன் வெடிமருந்துக்கு ஈடு; 1950இல் அச்சேறிய அவருடைய ஏட்டில் அது நிற்கிறது. பல்லாயிரவரைக் கொன்ற கருவியின் ஒத்திகைப் படத்தில் ஒழுங்கைக் காண நேர்ந்ததை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஒழுங்கு நன்மை தீமை பார்ப்பதில்லை.

தன்னொப்பு எப்போது தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதுதான் இக்கோட்பாட்டின் நுட்பமான இடம். வெடித்த முதற்கணத்தில் குண்டின் பருமனும் பொருண்மையும் இன்னும் நினைவில் உள்ளன. அலை விழுங்கிய காற்றின் எடை குண்டின் எடையைப் பன்மடங்கு விஞ்சிய பின்னரே அந்நினைவு அழிகிறது. நெடுந்தொலைவு சென்றபின் அலை மெலிந்து, இதுவரை பொருட்படுத்தாத சூழ்காற்றின் அழுத்தம் எதிர்நிற்கிறது. ஆற்றலை அவ்வழுத்தத்தால் வகுத்து மூன்றாம் படிமூலம் எடுத்தால் ஒரு நீளம் கிடைக்கிறது. அளவுகோல் மீண்டும் அவைக்கு வந்துவிடுகிறது. பாலையின் வெடிக்கு அந்நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிராம் வெடிமருந்து கொண்ட தீபாவளி வெடிக்கோ அது ஒரு சாணுக்கு மேல், ஒரு முழத்திற்குக் கீழ். திரி கொளுத்தி ஓடிவந்த நம் காதை எட்டுமுன்பே அவ்வெடி தன்னொப்பை இழந்து வெற்றொலியாகிவிடுகிறது. தோற்றத்தை மறந்தபின், சூழலை உணருமுன் என்னும் அந்த இடைப்பொழுதே தன்னொப்பின் ஆட்சிக்காலம்.

சூழலின் அளவுகோல் வென்ற நிகழ்வொன்று மலாக்காவின் வானிலேயே நடந்தது. 1883 ஆகத்து 27, காலை பத்து மணி இரண்டு மணித்துளிக்குக் கிரக்கத்தாவு எரிமலை வெடித்தது. மலாக்காவிலிருந்து அது ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவு. அழுத்த அலை இங்கு வந்து சேர ஐம்பது மணித்துளி அளவில் ஆகியிருக்கும். அப்போது இம்மண்ணில் இரப்பர் நிரைகள் இல்லை, மரவள்ளித் தோட்டங்களே மிகுதி. எரிமலையிலிருந்து நூற்றறுபது கிலோமீட்டர் தொலைவிலிருந்த பத்தாவியாவின் எரிவளி ஆலைக் கருவி அவ்வலையைப் பதிந்தது. இந்தியப் பெருங்கடலில் 4,800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உரோதிரிகேசுத் தீவில் அதைப் பீரங்கி முழக்கமென்று எண்ணினர். உலகக் காற்றழுத்தக் கருவிகள் அது நிலவுலகைச் சுற்றிச் சுற்றி வந்ததை ஐந்து நாள்வரை பதிந்தன. மலாக்காவைக் கடந்தபோது அவ்வலை டெய்லரின் உருண்டையாக இல்லை. காற்றுமண்டலத்தின் தடிப்பு ஓர் அளவுகோலாய்க் குறுக்கிட, அது நிலத்தின்மேல் படர்ந்த வளையமாகி, ஒலியை ஒட்டிய விரைவிலேயே ஓடியது. கால் உலகு கடக்கும்வரை அவ்வளையம் விரிந்தது. பின் சுருங்கத் தொடங்கி, எரிமலைக்கு நேர் எதிர்முனையில், தென் அமெரிக்காவின் பொகோத்தா நகருக்கு அணித்தே குவிந்து, மீண்டும் விரிந்தது.

குவியும் அலை என்றதும் வேறொரு கதவு திறக்கிறது. நடுவம் நோக்கிச் சுருங்கும் வலிய அதிர்ச்சியலையை 1942இல் கூடர்லி ஆராய்ந்தார். இங்கும் தன்னொப்பு உண்டு. ஆனால் ஆற்றல் என்று கைப்பிடிக்க ஓர் எண் இல்லை, ஏனெனில் குவியும் பகுதிக்குள் இருக்கும் ஆற்றல் நொடிக்கு நொடி மாறுகிறது. எனவே டெய்லர் செய்ததுபோல் அளவுகளை வகுத்து அடுக்கைப் பெற இயலாது. கூடர்லி கண்டது இது: எந்த அடுக்கை வைத்தாலும் தீர்வு ஒரு முரண்புள்ளியில் சென்று முட்டி உடைகிறது, ஒரே ஓர் அடுக்கில் மட்டும் முட்டாமல் ஊசித்துளையில் நூல்போல் நுழைந்து செல்கிறது. காற்றின் உருண்டையலைக்கு அவ்வடுக்கு 0.717, உருளையலைக்கு 0.835. எளிய பின்னமாக அமையாத இவ்வெண்களைப் பெறும் தன்னொப்பைச் செல்தோவிச்சும் பாரன்பிளாட்டும் இரண்டாம் வகை என்று பிரித்தனர். என் உள்ளம் முதல் வகையைவிட இதிலேயே தங்குகிறது. முதல் வகையில் ஒழுங்கை நாம் கணக்கிட்டுத் தருகிறோம். இரண்டாம் வகையில் பாய்வு தன் ஒழுங்கைத் தானே தெரிந்துகொள்கிறது. ஒளிக்கற்றைகளால் சிறு குளிகையை நெருக்கி அணுக்களைப் பிணைக்க முயலும் இன்றைய ஆய்வுக்கூடங்களில் இக்குவியும் அலையே பணியாளன். உருண்டையின் சீர்மை தொடக்கத்தில் இம்மி பிசகினாலும் குவியுமிடத்தில் பிசகு மலையாய் வளரும்.

இத்துறையில் ஒரு தமிழரின் கைத்தடமும் உண்டு. 1910இல் இலாகூரில் பிறந்து சென்னையில் வளர்ந்த வானியற்பியலார் சந்திரசேகர், போர்க்காலத்தில் சிக்காகோப் பல்கலைக்கழகத்திலிருந்து மேரிலாந்தின் அபர்தீன் படைக்கலக் களத்திற்கு வந்து பணியாற்றினார். 1943இல் அங்கு அவர் எழுதிய அறிக்கைகளில் ஒன்று தள அதிர்ச்சியலையின் தேய்வைப் பற்றியது. ஒன்று வெடியலை சுவரில் நேர்பட மோதித் திரும்புவதைப் பற்றியது. ஒன்று மூன்று அதிர்ச்சியலைகள் ஒரு புள்ளியில் கூடி நிற்பதற்குரிய கட்டளைகளைப் பற்றியது. சாய்ந்த பரப்பில் அதிர்ச்சியலை மோதும்போது, வந்த அலை, மீண்ட அலை, அவ்விரண்டையும் பரப்போடு இணைக்கும் அடித்தண்டலை ஆகிய மூன்றும் ஒரு முச்சந்தியில் கூடும். அம்முச்சந்தி பரப்பினின்று மேலேறிச் செல்லும். உருவம் முழுவதும் நேரத்தோடு பெருகும். கோணம் எதுவும் மாறாது.

அவர் பெயரை உலகறியச் செய்த கண்டுபிடிப்பும் அளவுமாற்றச் சீர்மையின் பிள்ளையே என்பதைப் பலரும் கூர்ந்து நோக்குவதில்லை. விண்மீன் என்பது தன் ஈர்ப்பால் தானே கட்டுண்ட அமுங்கு வளி. அதை நெருக்கினால், உள்ளிழுக்கும் ஈர்ப்பின் அழுத்தம் ஆரையின் நான்காம் அடுக்கிற்கு எதிர்மறையாக ஏறுகிறது. தாங்கி நிற்கும் வளியின் அழுத்தம் எவ்வாறு ஏறும் என்பதை அதன் தகவு முடிவுசெய்கிறது. தகவு மூன்றில் நான்கைவிட மிகுந்தால், நெருக்க நெருக்கத் தாங்கும் அழுத்தம் வெல்லும். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களாகிய வெண்குறுமீன்களின் உள்ளே மின்னணுக்கள் ஒளியின் விரைவை நெருங்கும்போது தகவு சரியாக மூன்றில் நான்காகிவிடுகிறது. இரு அழுத்தங்களும் ஆரையின் ஒரே அடுக்கில் ஏறுகின்றன. ஆரை கணக்கிலிருந்தே நீங்கிவிடுகிறது. எஞ்சுவது பொருண்மை ஒன்றே. அப்பொருண்மை கதிரவனைப்போல் 1.44 மடங்கு. 1930இல் இங்கிலாந்து நோக்கிய கப்பலில் பத்தொன்பது அகவை இளைஞராகத் தொடங்கிய அக்கணக்கின் வழியில் அவர் நிறுவிய எல்லை அது. அவர் தாயார் சீதாலட்சுமி இப்சனின் நாடகமொன்றைத் தமிழில் பெயர்த்தவர். நார்வே நாட்டு வீட்டின் பூசலைத் தாங்கிய மொழி விண்மீனின் பூசலையும் தாங்கும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

எங்கள் தோட்டத்தில் இன்று பால்மரம் இல்லை, செம்பனை நிற்கிறது. லயமும் இல்லை. வடிகால் மட்டும் இருக்கிறது. சென்ற மழைப்பருவத்தில் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சிலரை அங்கு அழைத்துச் சென்று, ஒன்பது விரற்கடை நீரைத் தேக்கிப் பலகையை உருவினோம். பலகை நின்ற கோட்டில் கோலை நட்டுப் பிடித்திருந்த சிறுமி, "நாலு விரல்தான் ஐயா, ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல" என்றாள். சற்றுப் பொறுத்து, "எல்லாத் தண்ணியும் ஓடுதே, இங்க மட்டும் ஏன் அப்படியே நிக்குது?" என்று கேட்டாள். தொலைவை நேரத்தால் வகுக்கவேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். பலகையிலிருந்து அவள் கோல் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கேட்டேன். "தொலைவே இல்லையே" என்றாள். அதை ஒரு நொடியால் வகுத்தால்? சுழியம். இரண்டு நொடியால்? சுழியம். மூன்றாவதை நான் கேட்குமுன், திரும்பி வந்த அலை கோலை எட்டியது. அவள் விரலை நீரிலிருந்து எடுத்து எண்ணத் தொடங்கினாள்.